கல்லே இல்லாத ஊரில் கல் மியூசியம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையன் எட்டாவது படிக்கிறான், பாறை, கனிமம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெளிநாட்டில் கிரானைட் குவாரி ஊர்களில் அதற்கென்றே மியூசியம் இருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, நம்ம பக்கம் அப்படி ஒன்று இல்லையா என்று நச்சரிக்கிறானாம். கல் எப்படி வெட்டுகிறார்கள், கனிமங்கள் எப்படி இருக்கும் என்று காட்டுகிற இடம் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் உண்டா என்பது கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் வந்த மாதிரி, பழைய கம்ப்ரஸரையும் கிரேனையும் வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் கல் மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய மியூசியம் இங்கே கிடையாது. அங்கே வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் தொழில் படுத்த பிறகுதான் மியூசியம் எழுந்திருக்கும். ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்ற ஊர் முழுக்கச் சாம்பல் நிறக் கிரானைட்டால் கட்டியது. அங்கே ருபிஸ்லா என்று ஒரு குவாரியை 142 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, 1971-இல் மூடிவிட்டார்கள். இப்போது அது தண்ணீர் நிற்கும் பள்ளம். நம்ம பக்கம் அப்படியில்லை, திண்டிவனம், வானூர், திருவக்கரைப் பக்கம் போனால் இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்கும், எதிரே வரும் டிப்பர் லாரி உங்கள் முகத்தில் மாவு பூசிவிட்டுப் போகும். உயிரோடு இருக்கிற தொழிலுக்கு யார் மியூசியம் கட்டுவார்கள்?

ஆனால் பையனுக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் புவியியல் படித்துவிட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் கிடந்தவன், இப்போது ஓய்வுபெற்றுக் கடலூரில் இருக்கிறேன். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் தூரத்துக்குள் இருப்பதை எல்லாம் சேர்த்தால் எந்த மியூசியத்துக்கும் குறைவில்லை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கருங்கல்லே கிடையாது. கடற்கரையோர ஊர்களில் தோண்டிப் பாருங்கள், மணல், களிமண், செம்மண், மெத்தென்ற மணற்கல், இவ்வளவுதான் வரும். கருங்கல் பாறை அடியில் வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அது தலையை வெளியே காட்டுவது மேற்கே செஞ்சி, திண்டிவனம் பக்கம் போன பிறகுதான். ஆகவே இந்த இரண்டு ஊர்களிலும் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு கருங்கல்லும், கோயில் தூண், வாசற்படி, அம்மி, ஆட்டுக்கல், ரயில் பாதை ஜல்லி, கடற்கரைப் பாறாங்கல் எல்லாமே எங்கிருந்தோ வண்டி ஏறி வந்த விருந்தாளி.

சிதம்பரம் கோயிலை நினைத்துப் பாருங்கள். அத்தனை கல், சுற்றுவட்டாரத்தில் உட்காரக்கூட ஒரு பாறை இல்லை, எல்லாம் வண்டல் மண். கடலூருக்குக் கல் வந்து சேர்ந்த கதைகளில் மிகப் பழையது அப்பர் கதைதான். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது, அவர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரையேறினார் என்கிறது புராணம், கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. ஒரு கனமீட்டர் கருங்கல் 2.7 டன் எடை. அதை மிதக்க வைப்பது அப்பரால்தான் முடியும், மற்றவர்கள் எல்லாம் மாட்டு வண்டியில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, இப்போது சுற்றிப் பார்க்கப் போகலாம். உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல் தூண்கள் நிற்கின்றன, தினமும் ஆயிரம் பேர் அவற்றில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள், அங்கே இருந்த வேலைப்பாடான தூண்கள் இங்கே வந்து சேர்ந்தன. பையனிடம் ஒரு லென்ஸ் கொடுத்து, சிற்பத்தை விட்டுவிட்டு, செதுக்காமல் வெறுமனே இருக்கிற இடமாகப் பார்த்துக் கல்லை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விதமான புள்ளிகள் தெரியும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் தட்டையாக, வெயிலில் திருப்பினால் கண்ணாடிச் சில் மாதிரி பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார். அழுக்குக் கண்ணாடி மாதிரி சாம்பலாக, எந்தப் பக்கம் திருப்பினாலும் மங்கலாகவே இருப்பது குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். கறுப்புப் புள்ளி, நகத்தால் கீறினால் ஏடு ஏடாகக் கிளம்பினால் மைக்கா, கிளம்பாவிட்டால் ஹார்ன்பிளண்ட். இந்த நான்கு பெயரும் தெரிந்துவிட்டால் கிரானைட்டில் பாதிப் பாடம் முடிந்தது. பெரிய பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

செஞ்சிப் பக்கக் கிரானைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் குழம்பாக இருந்தது அவசரமே இல்லாமல் ஆறினதால்தான் மணிமணியாகப் படிகம் கட்டியிருக்கிறது. எரிமலை வாயிலிருந்து வெளியே வழிந்து சட்டென்று ஆறினால் படிகத்துக்கு வளர நேரம் இருக்காது. பாகு காய்ச்சினவர்களுக்கு இது தெரியும். மெதுவாக ஆறவிட்டால் பெரிய கற்கண்டு, அவசரப்பட்டால் பொடி.

தூணைப் பார்த்த கையோடு அப்படியே திரும்பி, அலை மோதுகிற பாறாங்கற்களைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டின பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது, நகரத்தின் மணல் கரை கரைந்துபோனது, அதைத் தடுக்கத்தான் பாறாங்கல்லைக் கொட்டிக் கொட்டி இந்தக் கரையே கட்டப்பட்டது. (கொஞ்ச வருஷமாக ஒரு பக்கம் மணல் திரும்பியிருக்கிறது, அது வேறு கதை.) அந்தக் கற்களில் சிலவற்றின் ஓரத்தில் பாதியாக வெட்டின குழாய் மாதிரி, விரல் பருமனுக்குக் கொஞ்சம் மேலே, நேராக ஒரு பள்ளம் ஓடும். பையனை அதில் விரலை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஜாக்ஹாம்மர் போட்ட துளை. துளையில் மருந்து வைத்து வெடித்ததும் பாறை சரியாகத் துளையின் நடுவில் பிளந்திருக்கிறது, பாதித் துளை இந்தக் கல்லில், மீதிப் பாதி வேறெங்கோ. குவாரி மியூசியத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியது இதுதான். கல் வழுக்கும், பாசி இருக்கும், அலையடிக்கிற பக்கம் இறங்க விடாதீர்கள்.

இதோடு ஒப்பிடப் பழைய கல் ஒன்று வேண்டும். எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் படிக்கட்டு ஓரம், மதில் அடிவரிசை, குளத்துப் படி, இங்கெல்லாம் குனிந்து பாருங்கள். கல்லின் விளிம்பில் ஒரே இடைவெளி விட்டுச் சின்னச் சின்னச் சதுரக் குழிகள், தபால்தலை ஓரத்தில் பல் பல்லாக இருக்குமே, அந்த மாதிரி. அவை ஆப்புக் குழிகள். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் பாறை அந்தக் கோட்டில் விரியும். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளில் இந்தக் குழி வரிசையைத் தெளிவாகப் பார்க்கலாம். காய்ந்த மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், மரம் ஊறி உப்பிப் பாறையைப் பிளக்கும் என்று கைடுகள் எல்லோரும் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் இருந்தால் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் மேல்தோல் பலகையாகக் கிளம்புகிற மாதிரி எடுப்பதும் தென்னிந்தியாவில் இருந்த முறைதான்.

ஆப்பு அடிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. இப்போது சதுரக் குழிக்குப் பதில் டிரில் போட்ட வட்டத் துளை, ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக. ஒவ்வொரு துளையிலும் இரண்டு தகடு இறக்கி, நடுவில் ஒரு ஆப்பு. மேஸ்திரி முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒவ்வொரு அடியாகப் போடுவார், திரும்ப முதலிலிருந்து. ஒரே இடத்தில் இரண்டு அடி போடமாட்டார். முதல் சுற்றில் சத்தம் தட் தட் என்று மொத்தையாக இருக்கும். நாலாவது ஐந்தாவது சுற்றில் டிங் டிங் என்று ஏறும், வீணைத் தந்தியை முறுக்குகிற மாதிரி. அதற்கு மேல் அவர் அடிக்கமாட்டார். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதுசு, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "அது வேலை செய்யுது சார், நாம சும்மா இருக்கணும்" என்றார். பத்து நிமிஷம் இருக்கும், உள்ளுக்குள் இருந்து துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பத்தடி நீளக் கல்லில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அவசரப்பட்டு இன்னும் நாலு அடி போட்டிருந்தால் கோடு எங்கேயாவது வளைந்து போயிருக்கும், கல் வீண்.

கல்லுக்கு ஒரு வாட்டம் உண்டு. மரத்துக்கு நார் ஓடுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் சுலபமாகப் பிளக்கும், ஒரு பக்கம் அடம்பிடிக்கும். படிகங்கள் உறைந்தபோதும், பிறகு பூமி நெருக்கினபோதும் ஒரே திசையில் வரிசை கட்டியதால் வருவது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் கல்லூரியில் மைக்ரோஸ்கோப் தேவைப்பட்டது, மேஸ்திரிக்கு உள்ளங்கையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், ஈரம் காய்கிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சிற்பிகளுக்கு இன்னொரு கணக்கு. தட்டினால் மணி மாதிரி கணீரென்றால் ஆண் கல், மெலிந்த நாதமாக வந்தால் பெண் கல், ஓசையே எழும்பாவிட்டால் அது மூர்த்திக்கு ஆகாது, தளத்துக்குத்தான். உள்ளே விரிசலோ பொத்தலோ இருந்தால் ஓசை உடைந்துவிடும், கல்லுக்குள் தேரை என்று சும்மா சொல்லவில்லை. அறிவியலிலும் இதே கதைதான், ஒலி பாறைக்குள் போகிற வேகத்தை அளந்து விரிசலைப் பிடிக்கிற கருவிகள் இருக்கின்றன.

அப்புறம் பெரிய குவாரிகள். இரண்டு வகை இருக்கிறது, பையன் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுத் தரைக்கும் கல்லறைக்கும் போகிற கிரானைட்டை வெடி வைத்து நொறுக்க முடியாது, முழுக் கட்டியாக வேண்டும். அதற்கு வயர் சா. பாறையில் மேலிருந்து ஒரு துளை, பக்கத்திலிருந்து ஒரு துளை, இரண்டும் உள்ளே ஒன்றையொன்று சந்திக்க வேண்டும், சந்திக்க வைப்பதுதான் சாமர்த்தியம். அந்தத் துளை வழியாக வைரத்தூள் பதித்த மணிகள் கோத்த ஒரு எஃகுக் கயிற்றை மாலை மாதிரி மாட்டி, மோட்டாரில் சுற்றவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், வெண்ணெயில் நூல் போட்டு இழுப்பது போல அறுத்துக்கொண்டு வரும், மோட்டார் தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். இப்படி எடுத்ததில் விரிசல் இல்லாமல், நிறம் மாறாமல், ஏற்றுமதிக்குத் தேறுவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் குவாரி ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும். சிறு கனிமம் என்ற வகையில் வருவதால் இதெல்லாம் மாநில அரசின் 1959-ஆம் ஆண்டு சிறுகனிம விதிகளின்படி நடக்கிறது, கல் வெட்டி விற்க அரசுக்கே 1978-இல் தொடங்கின டாமின் (தமிழ்நாடு கனிம நிறுவனம்) இருக்கிறது.

இரண்டாவது வகை ஜல்லிக் குவாரி. இங்கே கல் உடைய வேண்டும், அவ்வளவுதான். வெடி, பொக்லைன், டிப்பர், கிரஷர். ஜா கிரஷரின் இரண்டு இரும்புத் தாடைகள் கடித்துக் கடித்து, சல்லடையில் பிரித்து, ஒன்றரை ஜல்லி என்றால் 40 மில்லிமீட்டர், முக்கால் ஜல்லி 20, அரை ஜல்லி 12, கடைசியில் எம் சாண்ட். ஆற்று மணல் கிடைக்காமல் போன பிறகு இந்த எம் சாண்டில்தான் ஊரே எழும்புகிறது. கிரஷர் பக்கம் பையனை அழைத்துப்போகாதீர்கள். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கல்லாகும், சிலிக்கோசிஸ் என்று பெயர், மருந்து கிடையாது. முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு டிரில் பிடித்தவர்களை எனக்குத் தெரியும், ஐம்பதைத் தாண்டியவர்கள் குறைவு. தண்ணீர் பாய்ச்சி டிரில் போட்டால் பாதித் தூசி அங்கேயே அடங்கும், ஆனால் தண்ணீர் லாரிக்குக் காசு. கைவிட்ட குவாரிப் பள்ளமும் வேண்டவே வேண்டாம். பச்சையாகத் தண்ணீர் நின்று அழகாக இருக்கும், ஓரம் செங்குத்து, கால் வைக்கப் படி இருக்காது, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை விழுங்குகிறது.

ஜல்லியை ஏன் புளூ மெட்டல் என்கிறார்கள் என்று கேட்பான். வீடு கட்டுகிற இடத்தில் ஒரு முக்கால் ஜல்லியை எடுத்துக் கழுவிப் பாருங்கள், நீலமும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு. பெரும்பாலும் அது சார்னகைட். இந்தப் பெயர் வந்த கதை மியூசியத்துக்கே உரியது. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படுகிற ஜாப் சார்னக் 1693 வாக்கில் இறந்தார். அவர் கல்லறைக்குப் போட்ட பலகை சென்னைப் பல்லாவரத்திலிருந்து கடல் வழியாகப் போனது. இருநூறு வருஷம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதி, அந்தப் பாறைக்கே சார்னக்கின் பெயரை வைத்துவிட்டார். உலகம் முழுக்க, அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அந்தப் பாறைக்கு அதுதான் பெயர். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர். நம்ம அதிர்ஷ்டம் அப்படி.

கடைக்காரர் கிரானைட் என்று சொல்வதெல்லாம் கிரானைட் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். வியாபாரத்தில் மெருகேறுகிற கெட்டிக் கல் எல்லாமே கிரானைட். கறுப்புக் கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், பாறை வெடிப்புகளில் சுவர் மாதிரி ஏறி உறைந்த குழம்பு. திண்டிவனம் பக்கத்துக் கறுப்பு இந்த வகைதான், கிரானைட்டை விடக் கனம். மதுரை மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக் கல்லுக்குக் காஷ்மீர் ஒயிட் என்று பெயர், காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் குங்குமம் சிதறின மாதிரி சிவப்புப் புள்ளி இருக்கும், அதுதான் கார்னெட், மாதுளை முத்து மாதிரியான கனிமம். சமையலறைக் கல் விற்கிற கடைக்கு ஒரு சனிக்கிழமை மாலை பையனைக் கூட்டிப்போங்கள். சுவரில் சாய்த்து வைத்த நாற்பது ஐம்பது பலகை, மெருகு போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாக் கனிமமும் கண்ணெதிரே. எந்த மியூசியத்திலும் ஆளுயரத்துக்கு மாதிரி வைக்கமாட்டார்கள்.

இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்கிறேன். நான் குவாரியில் இருந்த சமயம் வீட்டில் சமையல் மேடைக்குக் கறுப்புக் கல் வாங்கிப் போட்டார்கள், கடை பெயர் வேண்டாம். கன்னங்கரேல் என்று இருந்தது, விலையும் மலிவு. ஆறு மாதத்தில் அடுப்பைச் சுற்றி, எலுமிச்சை நறுக்குகிற இடத்தில், சாம்பல் திட்டு. மட்டமான சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். புவியியல் படித்தவன் வீட்டிலேயே இப்படி என்று இன்றைக்கும் தோசை ஊற்றும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறார்கள். வாங்குமுன் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் திரும்பி வந்துவிடலாம். உடைந்த ஓரத்தையும் பாருங்கள், மெருகு ஏமாற்றும், உடைந்த முகம் ஏமாற்றாது.

கெட்டித்தனம் பார்ப்பதற்கு வீட்டுச் சோதனை ஒன்று. 1812-இல் மோஸ் என்ற ஜெர்மன்காரர் கனிமங்களை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார், எது எதைக் கீறுகிறது என்பதுதான் கணக்கு. நகம் இரண்டரை, பேனாக்கத்தி ஐந்தரை, ஃபெல்ஸ்பார் ஆறு, குவார்ட்ஸ் ஏழு. கத்தியால் கீறினால் கோடு விழுகிற வெள்ளைக் கல், சுரண்டின பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதென்றால் பளிங்கு. கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்டுகிறது என்றால் குவார்ட்ஸ். ஒரு மாலை நேரம் ஓடிவிடும், கத்தியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர்ப் பயணம். போக வேண்டியது ஒரே ஒரு இடம் என்றால் திருவக்கரை. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில், ஊருக்கு ஒரு கிலோமீட்டர் கிழக்கே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வைத்திருக்கிற தேசியக் கல்மரப் பூங்கா. 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் எழுதிவைத்த இடம். செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கும், கிட்டப்போய்த் தொட்டால் கல். சிலது பதினைந்து மீட்டர் நீளம் வரை. வயது சுமார் 2 கோடி ஆண்டு. மேற்கே மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள், அதனால்தான் வேரோ கிளையோ எதிலும் இருக்காது. மணலில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அதாவது குவார்ட்ஸுக்கு மூலப்பொருள், மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் நுழைந்து உறைந்துவிட்டது. ஆண்டு வளையம், கணு, பட்டை வெடிப்பு எல்லாம் அப்படியே. புளி, புன்னை, ஆமணக்குக் குடும்பத்து மரங்கள் என்று இனம் கண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கோயில் வக்கிரகாளியம்மனுக்குப் பேர்போனது, காளி வதைத்த அசுரனின் எலும்புகள்தான் இந்தக் கல் என்று ஊரில் சொல்வதுண்டு. இரண்டு கதையையும் பையனுக்குச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளட்டும்.

இந்த மரங்கள் கிடக்கிற செம்மணற்கல்லுக்குப் புவியியலில் பெயரே கடலூர் மணற்கல். 1860-களில் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை அளந்து வரைந்தபோது வைத்த பெயர். கடலூர் கேப்பர் மலை, புதுச்சேரி கோரிமேடு, ஆரோவில் செம்மண், பண்ருட்டி முந்திரிக் காடு, நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண், எல்லாம் இதே படுகைதான். கல் இல்லாத ஊர் என்று சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். மேற்கே மலை கோடிக்கணக்கான வருஷமாக மழையில் அழுகுகிறது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் மணலாகிறது, இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகிறது. ஆறு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. திருவக்கரைக் கோயிலை ஒட்டி ஓடுகிற சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கம் புறப்பட்டு, உங்கள் ஊருக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. செஞ்சித் தூண் வண்டியில் வந்த அதே புதுச்சேரிக்குச் செஞ்சி மலை பொடிப்பொடியாகத் தண்ணீரிலும் வந்துகொண்டிருக்கிறது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் வாங்கியதும் இந்த வெள்ளைக் களிமண்ணால்தான். அந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம், அங்கே போய்க் குன்று எங்கே என்று தேடினால் கிடைக்காது, அழுகிக் களிமண்ணாகிவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன், சிவபக்தர்கள் கோபிக்க வேண்டாம்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் பெரியது, ஆனால் அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் போக முடியாது, பள்ளி மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். வழுதாவூர்ப் பக்கம் டைனோசர் காலத்துக் கடலடிப் படுகை இருக்கிறது, 1840-களிலேயே அங்கே சேகரித்த கிளிஞ்சல்களை இங்கிலாந்தில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார், வயல்காட்டில் தேடித் திரிவது இந்த வெயிலில் பெரியவர்களுக்கே கஷ்டம். அரிக்கமேட்டு மணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பாருங்கள், சூதுபவளம், படிகம், கார்னெட் எல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் துளை போட்டு மெருகேற்றினது. மோஸ் கணக்கில் ஏழு இருக்கிற கல்லில் அந்தத் துளை! கனிமங்களைப் பெயர்ச் சீட்டோடு வரிசையாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சென்னை எழும்பூர்தான். அந்த அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே 1,100 புவியியல் மாதிரிகளோடுதான், செப்புத் திருமேனிகள் எல்லாம் பிறகு வந்தவை.

பையன் கையால் செய்து பார்க்க ஒன்று. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், அலை ஏறி இறங்கின கோட்டில், மணலில் மை தீற்றின மாதிரி கறுப்புப் பட்டை தெரியும். எண்ணெய்க் கழிவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள், இல்லை, கனமான கனிமங்கள். அலை லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும், அம்மா முறத்தில் புடைக்கிற அதே வித்தை. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு அந்தக் கறுப்பு மணல் மேல் ஓட்டினால் முள் முள்ளாக ஒட்டும், அது மேக்னடைட், கொஞ்சம் இல்மனைட். ஒட்டாமல் மிஞ்சுகிற சிவப்பு மணிகள் கார்னெட். தென்பெண்ணை நந்தி மலையிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை எல்லாம் தாண்டி இங்கே வருகிறது, வழியில் அரித்த பாறையின் மிச்சம் இது. பை இல்லாமல் காந்தத்தை நேராக மணலில் வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்குச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும், பட்டவன் சொல்கிறேன்.

சேர்த்து வைப்பதற்கு முட்டை அட்டை போதும், ஒரு குழிக்கு ஒரு கல், எங்கே எடுத்தது, என்றைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு இல்லாத கல் வெறும் கல். திருவக்கரையிலிருந்து மட்டும் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம், சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். முதல் குழியில் வைக்க உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கலாம். பாட்டி வீட்டில் அம்மி இருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மேலே தேய்ந்து வழவழப்பாகிவிடும், அடியில் உளி கொத்தின தழும்பு அப்படியே இருக்கும், ஓரத்தில் ஆப்புக் குழி ஒன்று பாதியாக இருந்தாலும் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து திருப்புங்கள், கால் விரலை முதலில் நகர்த்திக்கொண்டு.